துருப்புக் கப்பல்கள் – 9: நாகப்பட்டினத்து ரோனா

சென்ற இதழில் குவீன் மேரியைப் பார்த்தோம். ஆயிரம் அடிக்கு மேல் நீளம். மணிக்கு 28 கடல் மைல் வேகம். எந்த நீர்மூழ்கியும் துரத்திப் பிடிக்க முடியாது என்ற தைரியத்தில், அகன்ற கடலில் பெரும்பாலும் காவல் கப்பல் இல்லாமலே ஓடியது. 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேரைச் சுமந்து சென்றது. போர்க்காலப் பயணிகள் கப்பல் என்றால் எல்லோர் நினைவுக்கும் வருவது அந்த மாதிரி ராட்சதக் கப்பல்கள்தான். படங்களும் புத்தகங்களும் அவற்றைப் பற்றித்தான் வந்திருக்கின்றன.

ஆனால் இரண்டாம் உலகப் போரின் படைகளைத் தோளில் சுமந்தவற்றில் பாதிக்குப் பெயரே யாருக்கும் தெரியாது. எட்டாயிரம், பத்தாயிரம் டன் கொள்ளளவு. மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல் நகரும் நடுத்தரக் கப்பல்கள். அவற்றால் தனியாக ஓடித் தப்ப முடியாது. கூட்டமாக, காவலோடு, கூட்டத்திலேயே மெதுவான கப்பலின் வேகத்தில் போக வேண்டும். இந்த வாரக் கப்பல் அந்த ரகம். தஞ்சாவூர், திருச்சி, தென்னாற்காடு மாவட்டங்களில் இருந்து மலாயாத் தோட்டத்துக்குப் போன குடும்பங்களுக்கு இது அந்நியக் கப்பலும் அல்ல. பினாங்குக்குப் போகும் ரோனா.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1925இல் சென்னை – நாகப்பட்டினம் – சிங்கப்பூர் தடத்துக்கென இரண்டு கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தது. நம் வாசகர்களுக்கு இந்தக் கம்பெனியை வேறு வழியில் தெரியும். தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலை எதிர்த்துக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து நெருக்கியது இதே கம்பெனிதான். 1914இல் பி அண்ட் ஓ நிறுவனத்தோடு இணைந்த பிறகும் பழைய பெயரிலேயே வங்காள விரிகுடாவை ஆண்டுகொண்டிருந்தது. கப்பல்களுக்குப் பெரும்பாலும் இந்திய ஊர்ப் பெயர் வைப்பது அதன் வழக்கம். குஜராத்தில் உள்ள ரஜூலா ஒன்றுக்கு. அன்றைய பஞ்சாபில் இருந்த ரோனா என்ற கிராமம் மற்றொன்றுக்கு.

ரோனாவை இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில், ஹெப்பர்ன் ஊரில் ஹாதார்ன் லெஸ்லி தளம் கட்டியது. 1926 ஆகஸ்ட் 24இல் நீரில் இறங்கியது. ஒரு மாதம் கூட ஆகவில்லை, செப்டம்பர் 22இல் கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் தளத்தில் ரஜூலா இறங்கியது. உருவத்தில் அக்காள் தங்கை. வயிற்றுக்குள் மட்டும் வித்தியாசம். ரோனாவுக்கு நீராவியை நான்கு படிகளில் விரிய விட்டு வேலை வாங்கும் எஞ்சின். ரஜூலாவுக்கு மூன்று படி எஞ்சின். நீளம் 460 அடி அளவு. இரண்டு சுழலி. ஒற்றைப் புகைபோக்கி. அழகுக்குப் பரிசு வாங்கக்கூடிய கப்பல்கள் அல்ல.

அவற்றின் சிறப்பு வேறு இடத்தில் இருந்தது. கேபின் பயணிகளுக்கு இருந்த இடம் சொற்பம். ஆனால் டெக் பயணிகளாக 5,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள உரிமம் இருந்தது. 460 அடிக் கப்பலில் 5,000 பேர்! குவீன் மேரியின் நீளத்தில் பாதிகூட இல்லாத கப்பல் அது. அமைதிக் காலத்திலேயே, சட்டப்படியே, இத்தனை பேரை ஏற்றலாம் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

டெக் பயணம் என்றால் என்ன என்று போனவர்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மேல்தட்டிலும் அதற்குக் கீழே உள்ள தட்டுகளிலும் வெறும் தரை. கட்டில் கிடையாது, தடுப்பு கிடையாது. பாய் விரித்த இடம் சொந்த இடம். டிரங்குப் பெட்டிதான் எல்லைக்கல். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் வெங்காய மூட்டையும் ஆடுகளும் படகில் போய் ஏற வேண்டும். ஏறியபின் ஏறக்குறைய ஒரு வாரம் கடல். பினாங்கு வந்தால் நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். தோட்டக் கூலிகளாக வந்தவர்களை ஜெரெஜாக் தீவில் இறக்கித் தொற்றுத்தடுப்புக் காவலில் வைத்தபிறகே கங்காணியோடு ரப்பர் காட்டுக்கு அனுப்புவார்கள். 1922இன் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தபின் ஓரளவு ஒழுங்கு வந்தது. 1938 ஜூனில் இந்திய அரசு, கூலி வேலைக்கு உதவித்தொகையோடு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. சொந்தக் காசில் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் வியாபாரிகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

இரண்டு ஆண்டில் கப்பலுக்கு வேறு வேலை வந்துவிட்டது. 1940இல் பிரிட்டிஷ் அரசு ரோனாவைத் துருப்பு ஏற்ற எடுத்துக்கொண்டது. ரஜூலாவுக்கும் போர்க்காலத்தில் அதே வேலைதான்.

சொகுசுக் கப்பலைத் துருப்புக் கப்பலாக்குவது பெரிய பாடு. குவீன் மேரியில் இருந்து கம்பளம், பீங்கான், மர வேலைப்பாடு, நாற்காலி எல்லாவற்றையும் கழற்றிக் கரையில் கிடங்கில் அடுக்க வேண்டியிருந்தது. நடன அரங்கும் நீச்சல் குளமும் அடுக்குக் கட்டில்கள் நிற்கும் இடங்களாயின. ரோனாவில் கழற்ற என்ன இருந்தது? மனிதர்களை நெருக்கி அடுக்குவதற்கென்றே கட்டிய தட்டுகள் ஏற்கெனவே காலியாக இருந்தன. கூரையில் கொக்கி அடித்துத் தொங்கு தூளி மாட்டினால் போதும். சாம்பல் நிறம் பூசி, சில துப்பாக்கிகளைப் பொருத்தி, மிதவைத் தெப்பங்களை அடுக்கினால் துருப்புக் கப்பல் தயார். மலாயாத் தோட்ட முதலாளிகளுக்காகப் போட்ட கணக்கு போர் அமைச்சகத்துக்கும் அப்படியே பொருந்தியது: ஒரு தலைக்கு எத்தனை சதுர அடி? இந்தக் கப்பலின் கதையில் என்னைத் தொந்தரவு செய்வது இந்தப் பொருத்தம்தான். இரண்டு காரியமும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் வரைபடம் ஒன்றாகவே இருந்தது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ரோனாவின் பழைய தடம் மூடிக்கொண்டது. மலாயாவில் இருந்த தமிழருக்கு ஊரிலிருந்து கடிதமோ கப்பலோ இல்லை. சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டு வழியே போட்ட ரயில் பாதைக்காக ஜப்பானியர் தோட்டங்களில் இருந்து பல்லாயிரக்கணக்கான தமிழரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17. முன்பு ரோனாவிலும் ரஜூலாவிலும் பாய் விரித்துப் போனவர்களில் எத்தனை பேர் அந்தக் காட்டில் மடிந்தார்கள் என்பதற்கு யாரிடமும் பட்டியல் இல்லை. அந்த இணைப்பு நடந்து ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலம் கழித்து ரோனா வடஆப்பிரிக்காவில், அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது.

அன்று ஏறியவர்கள் அமெரிக்கர்கள். போகிற இடம் இந்தியா. சீன, பர்மா முனைகளின் போரை அமெரிக்கா இந்திய மண்ணில் இருந்து நடத்தத் தொடங்கியிருந்தது. விமான ஓடுதளம் அமைக்க, தொலைத்தொடர்புக் கம்பி இழுக்க, போர் விமானங்களுக்கு வழிகாட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். அட்லாண்டிக்கைச் சரக்குக் கப்பல்களில் கடந்து வந்த அந்தப் படைப்பிரிவினரை ஓரானில் இறக்கி, சூயஸ் வழியாகப் பம்பாய் போக வேறு கப்பல்களில் ஏற்றினார்கள். ரோனாவில் ஏறியது 2,000க்குச் சற்றுக் குறைவு. அதில் பெரிய பிரிவு, விமானத் தளங்களைக் கட்டும் 853ஆவது பொறியியல் பட்டாலியன். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள். பலருக்குக் கடலே அதற்கு முந்தைய மாதம்தான் அறிமுகம்.

கப்பலை ஓட்டியவர்கள் ஏறத்தாழ 200 பேர். தலைமையில் கேப்டன் மர்ஃபி. அதிகாரிகள் வெள்ளையர். தட்டிலும் கொதிகலன் அறையிலும் சமையலறையிலும் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர். சாரங்கு, தண்டல், சுக்கானி, தீ போடுபவர், பண்டாரி. ஆங்கிலத்தில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர் லஸ்கர்.

நவம்பர் 25 அமெரிக்கர்களுக்கு நன்றி நவிலும் நாள். அன்று ரோனா, ஜிப்ரால்டர் பக்கமிருந்து வந்த கே.எம்.எஃப். 26 என்ற கப்பல் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு கிழக்கே திரும்பியது. மறுநாள் பிற்பகல் அல்ஜீரியக் கரையில் பூஜி துறைமுகத்துக்கு வடக்கே போய்க்கொண்டிருந்தபோது ஜெர்மன் விமானங்கள் வந்தன. பிரான்சில் போர்தோ அருகே உள்ள தளத்தில் இருந்து புறப்பட்ட ஹைங்கல் 177 ரகக் குண்டுவீச்சு விமானங்கள். அவற்றின் இறக்கையடியில் தொங்கியது சாதாரணக் குண்டு அல்ல.

ஹென்ஷெல் 293 என்பது அதன் பெயர். அதற்குச் சிறிய இறக்கைகள் உண்டு. அடியில் சில விநாடிகள் எரியும் ராக்கெட் எஞ்சின் உண்டு. உள்ளே ரேடியோ உண்டு. விமானம் இலக்கின் மேலே பறக்க வேண்டியதில்லை. விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் இணையாகப் பறந்துகொண்டே குண்டை விடலாம். பிறகு விமானத்தில் இருப்பவர் கையளவு கைப்பிடி ஒன்றை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைக்க அசைக்க, வால் விளக்கோடு பறக்கும் குண்டு அதற்கேற்பத் திரும்பும். இன்று நாம் ஏவுகணை என்று சொல்வதற்குப் பாட்டன். மூன்று மாதம் முன்புதான், 1943 ஆகஸ்ட் 27இல், பிஸ்கே விரிகுடாவில் ஈக்ரெட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை இந்த ஆயுதம் மூழ்கடித்திருந்தது. நேச நாடுகளின் தளபதிகள் அதை அறிவார்கள். ரோனாவில் இருந்த இளைஞர்கள் அறிய மாட்டார்கள். தாங்கள் பார்த்தது குண்டா, சின்ன விமானமா என்று அவர்களால் நிச்சயிக்க முடியவில்லை.

ஏராளமான குண்டுகள் வீசப்பட்டன. பெரும்பாலானவை கடலில் விழுந்தன. போர் விமானங்களும் கப்பல் துப்பாக்கிகளும் பல தாக்குதல் விமானங்களைத் திசை திருப்பின. ஐந்து மணி தாண்டி, வெளிச்சம் மங்கத் தொடங்கிய வேளையில் ஹான்ஸ் டாக்டர்மான் ஓட்டிய விமானத்தில் இருந்து புறப்பட்ட ஒன்று மட்டும் ரோனாவின் இடப்பக்கத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாய்ந்தது. எஞ்சின் அறைப் பக்கம் வெடித்தது. வெடிப்பின் வேகத்தில் எதிர்ப்பக்கத் தகடுகளும் பிய்ந்து போயின. மின்சாரம் நின்றது, எஞ்சின் நின்றது, பம்புகளும் நின்றன. கீழ்த்தட்டுகளில் இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் அங்கேயே இறந்திருக்க வேண்டும். மேலேறும் படிகள் சில இடங்களில் இல்லாமலே போய்விட்டன. தீ பரவியது.

கப்பலில் 22 உயிர்காப்புப் படகுகள். அவற்றில் கடலில் இறக்க முடிந்தது எட்டுதான். இடப்பக்கத்தில் சில வெடிப்பிலேயே நொறுங்கின. மற்றவற்றில் கப்பிகளும் கொக்கிகளும் துருப்பிடித்து அசையவில்லை என்று பிழைத்தவர்கள் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கிறார்கள். இறக்கிய படகுகளிலும் அளவுக்கு மீறி ஏறியதால் சில கவிழ்ந்தன. கடைசியில் அதிகம் பேரைக் காத்தவை மரத் தெப்பங்கள்தான். வெட்டிவிட்டால் போதும், விழுந்து மிதக்கும். அமெரிக்க வீரர்களுக்குக் கொடுத்திருந்தது வாயு நிரப்பி ஊதவைக்கும் இடுப்புப் பட்டை. அதை மார்புக்கு உயர்த்திக் கட்ட வேண்டும். இடுப்பிலேயே விட்டு ஊதவைத்தவர்களை அது தலைகீழாகக் கவிழ்த்தது. நீரில் மிதக்க வைக்க வேண்டிய பட்டையே பலரை மூச்சடைக்க வைத்தது என்பதைப் படிக்கும்போது, ஓரானில் யாராவது ஒருவர் பத்து நிமிடம் செலவழித்து அதைக் கட்டிக்காட்டியிருக்கக் கூடாதா என்று கோபம் வருகிறது.

கடல் அன்று அமைதியாக இல்லை. ஆள் உயரத்தைத் தாண்டிய அலை. நவம்பர் மாதக் குளிர். சூரியன் மறைந்துகொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ரோனா பின்பக்கம் அமிழ்ந்து மறைந்தது. மற்ற துருப்புக் கப்பல்கள் நிற்கக்கூடாது என்பது போர்க்கால விதி. நின்றால் அவையும் இலக்காகும். மீட்புக்கு விடப்பட்டவை சிறிய கப்பல்கள். அவற்றில் பயனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் இரவு முழுதும் சுற்றிச்சுற்றி வந்து 606 பேரைத் தூக்கியெடுத்தது. அலையில் அது குதித்துக் குதித்து எழும்போது அதன் அடியில் சிக்கியவர்களும் உண்டு. அதர்ஸ்டோன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும், கிளான் காம்ப்பெல் என்ற சரக்குக் கப்பலும் தங்களால் இயன்றவரை பொறுக்கின. சரக்குக் கப்பலின் பக்கம் உயரமானது; குளிரில் விறைத்த கைகளால் வலையைப் பிடித்து ஏற முடியாமல் பலர் அதன் காலடியிலேயே நழுவினார்கள்.

இறந்த அமெரிக்கத் துருப்புகள் 1,015 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எதிரித் தாக்குதலில் கடலில் ஒரே நிகழ்வில் அமெரிக்கத் தரைப்படை இழந்த மிகப் பெரிய எண்ணிக்கை அதுவே. 853ஆவது பட்டாலியனில் மட்டும் 495 பேர். கப்பல் ஊழியர்களைச் சேர்த்தால் மொத்தம் 1,100ஐத் தாண்டுகிறது.

அதன்பிறகு நடந்தது, குண்டைப் போலவே எனக்கு வியப்பு தருவது. பிழைத்தவர்களுக்கு வாயைத் திறக்கக் கூடாதென்று உத்தரவு. கடிதங்கள் தணிக்கையாயின. வீட்டுக்குப் போனது காணவில்லை என்ற தந்தி. பிறகு இறந்தார் என்ற தந்தி. எங்கே, எப்படி என்பது இல்லை. 1944 பிப்ரவரியில் ஐரோப்பியக் கடலில் ஒரு துருப்புக் கப்பல் மூழ்கி ஆயிரம் பேர் இறந்ததாக அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. கப்பலின் பெயரைச் சொல்லவில்லை. ரேடியோ குண்டு எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பது ஜெர்மானியருக்குத் தெரியக்கூடாது என்பது காரணம். போர்க்காலத்தில் அது நியாயமான காரணம்தான். போர் முடிந்து கப்பலின் பெயர் வெளியே வந்த பிறகும் முழு விவரம் வர மிகவும் தாமதமானதற்கு அந்த நியாயம் செல்லாது. பிழைத்தவர்கள் முதுமையில் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துச் சங்கம் அமைத்தார்கள். அலபாமாவில் நினைவுக்கல் எழும்பியது 1996இல். அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களை நினைவுகூர்ந்து தீர்மானம் போட்டது 2000இல். 57 ஆண்டு தாமதம்.

நினைவு மீண்டபோது ஒரு குற்றச்சாட்டும் கூடவே வந்தது. இந்திய மாலுமிகள் முதல் படகுகளில் ஏறி ஓடிவிட்டார்கள் என்று பிழைத்த வீரர்கள் சிலர் சொன்னார்கள். சில படகுகளில் அது நடந்திருக்கலாம். எரியும் கப்பலில் எல்லாமும் நடக்கும். ஆனால் மொத்தமாக அப்படித் தப்பியிருந்தால் அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு கரை சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? ஏறத்தாழ 200 ஊழியர்களில் பாதிக்கும் மேல் அன்று இறந்தார்கள். எஞ்சின் அறையிலும் கொதிகலன் அறையிலும் பணியில் இருந்தவர்களுக்கு எந்தப் படகும் கிடைத்திருக்க வழியில்லை; குண்டு விழுந்த இடமே அதுதான். துருப்பிடித்த கப்பிக்கும், கற்றுத்தராத இடுப்புப் பட்டைக்கும், ஒளித்து வைத்த ரகசியத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் மேலே இருந்தார்கள். கோபத்துக்குக் கிடைத்தவர்கள் கீழே இருந்தார்கள்.

அந்தப் போரில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளில் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெள்ளை மாலுமிக்குக் கொடுத்த சம்பளத்தில் சிறு பங்குதான் அவர்களுக்கு. 1939இல் போர் தொடங்கிய கையோடு லஸ்கர்கள் வேலைநிறுத்தம் செய்து, சிறைக்குப் போய், கொஞ்சம் உயர்த்தி வாங்கினார்கள். கடலில் மறைந்த அவர்கள் பெயர்களை ஏடுகளில் எழுதி மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைத்திருக்கிறார்கள். லண்டனில் டவர் ஹில் பூங்காவில் பிரிட்டிஷ் வணிக மாலுமிகளுக்கு வெண்கலப் பலகைகளில் பெயர் பொறித்திருக்கிறார்கள். யாரும் நடந்துபோய் விரலால் தடவிப் படிக்கலாம். மும்பை ஏட்டைப் பார்க்க வேண்டுமானால் கேட்டு வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

ரஜூலா போரைத் தாண்டிப் பிழைத்தது. சாம்பல் நிறம் கழுவப்பட்டு மறுபடி சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடத் தொடங்கியது. போரில் துண்டிக்கப்பட்ட குடும்பங்கள் ஒன்றையொன்று தேடிப் போனதும் வந்ததும் அதில்தான். மலாயாவில் யார் இறந்தார், யார் பிழைத்தார் என்று தெரியாமல் காத்திருந்த நம் கிராமங்களுக்கு அந்தக் கப்பலின் வரவு தபால்காரன் வரவு போல. அதன் டெக்கில் போய் வந்தவர்கள் இன்றும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் ரஜூலா என்று சொன்னால் முகம் மாறும். ரோனா என்று சொன்னால் பெரும்பாலும் எதுவும் நிகழாது. 1973இல் இந்தியக் கப்பல் கழகம் ரஜூலாவை வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. நாற்பத்தேழு வயதான கப்பலை எவ்வளவு காலம் ஓட்ட முடியும்? சீக்கிரமே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். அதன் தடத்தில் எம்.வி. சிதம்பரம் ஓடியது.

அடுத்த இதழில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். சிங்கப்பூர் விழுவதற்குப் பத்து நாள் முன்பு, 1942 பிப்ரவரி 5இல், பிரிட்டிஷ் வீரர்களை ஏற்றிக்கொண்டு அந்தத் தீவின் வாசல்வரை வந்து, இறக்குவதற்குள் எரிந்துபோன எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியாவின் கதை. அந்தக் கப்பல் 1912இல் கடலில் இறங்கியது. முதல் உலகப் போரிலும் வேலை பார்த்திருக்கிறது.

(தொடரும்)